கோப்பை எந்த டீமுக்குப் போனாலும் கிரவுண்டு சாவி அவர் கையிலதான்

முப்பது நாப்பது வருஷமா சம்பளம் வாங்காம, வாலண்டியரா, பசங்க விளையாட்டுக்காகவே ஓடின ஒருத்தருக்கு விருது குடுக்கறப்ப ஒரு குறிப்பு எழுதுவாங்க இல்ல, அதை எடுத்துப் பாருங்க, எந்த நாட்டுல யாருக்கு எழுதினாலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் இருக்கும். இத்தனை கோப்பை, இத்தனை பேரு நேஷனல் லெவலுக்குப் போனாங்க, பேர் வாங்கின ஒரு பிளேயர் "அவர் இல்லன்னா நான் இல்ல"ன்னு சொன்னது, ஒரு போட்டோ, முடிஞ்சுது. அத்தனை வருஷமா அந்த மனுஷன் சாயங்காலம் சாயங்காலம் என்ன பண்ணிட்டிருந்தாருன்னு மட்டும் அதுல எங்கயும் இருக்காது. ஆனா விஷயமே அதுலதான் இருக்கு.

கோச்சிங்கறது அவர் வேலைல ஒரு பங்கு, அதுவும் சின்னப் பங்குதான். கிரவுண்டுக்கு அனுமதி வாங்கறது, வேற யாரோ அதே நேரத்துக்கு புக் பண்ணிட்டா போய் சண்டை போடாம பேசி சரி பண்றது, கோடு போடறது, கிழிஞ்ச நெட்டைத் தைக்கறது, பந்துக்கு காத்து அடிக்கறது, யாருக்கு ஆஸ்துமா, யாரு இன்ஹேலர் எடுத்துட்டு வர மறப்பான், யாரோட வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போக ஆள் வராது, எந்தப் பையனோட அப்பா மேட்ச் நடக்கறப்ப கத்துவாரு, எந்தப் பொண்ணு ரெண்டு வாரமா வரல, ஏன் வரல, இதெல்லாம் தலைக்குள்ள வெச்சிருக்கறது. பழைய ஷூவை வாங்கி வெச்சு அடுத்த சைஸ் பிள்ளைக்கு கூச்சம் வராத மாதிரி குடுக்கறது. மழை வருமா வராதான்னு பார்த்து காலைல அஞ்சரை மணிக்கே எல்லாருக்கும் மெசேஜ் போடறது, அப்புறம் "ஏன் கேன்சல் பண்ணீங்க வெயில் அடிக்குதே"ன்னு வர்ற பதிலுக்கும் பொறுமையா பதில் போடறது. கணக்கு எழுதறது வேற. இதுல எதுக்கும் கோப்பை கிடையாது, எதையும் போட்டோ எடுக்கவும் முடியாது.

சரி, இதையெல்லாம் பிள்ளைகளோட அப்பா அம்மாவே முறை வெச்சு செய்யலாமேன்னு தோணும். செய்யறாங்க, உலகம் பூரா பசங்க ஸ்போர்ட்ஸ் ஓடறதே பேரன்ட்ஸ் கையாலதான். ஆனா பேரன்ட் வாலண்டியருக்கு ஒரு கால அளவு உண்டு, அவங்க பிள்ளை அந்த வயசு குரூப்ல இருக்கற வரைக்கும்தான். ஆறு வயசுல சேர்ந்த பிள்ளை பதிமூணு பதினாலுல நிறுத்திடுச்சுன்னா கூடவே அம்மாவும் அப்பாவும் கிளம்பிடுவாங்க, அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள அவங்க கத்துக்கிட்டது, எந்த ஆபீஸ்ல யாரைப் பார்க்கணும், எந்த டோர்னமென்ட்டுக்கு வயசு சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, போன தடவை ஏன் பிரச்சினை வந்துச்சு, எல்லாம் அவங்களோடவே வெளிய போயிடும். அடுத்த வருஷம் வர்ற பேரன்ட் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

தன் பிள்ளை வளர்ந்து போன பிறகும் போகாம நின்னவர்தான் இந்தக் கட்டுரைல நாம பேசற ஆள். சிலருக்கு பிள்ளையே இந்த விளையாட்டுல இருந்திருக்காது. இவர் நிக்கறதாலதான் அந்த கிளப்புக்கு நேத்துன்னு ஒண்ணு இருக்கு. என் கணக்குல இவரோட பெரிய பங்களிப்பு இந்தத் தொடர்ச்சிதான், ஜெயிச்ச மேட்ச் எல்லாம் அதுக்கு அப்புறம்.

அமெரிக்காவுல லிட்டில் லீக்ங்கற பசங்க பேஸ்பால் அமைப்பு எப்படி ஆரம்பிச்சுதுன்னு பார்த்தா இது இன்னும் புரியும். கார்ல் ஸ்டாட்ஸ்னு ஒருத்தர், பென்சில்வேனியாவுல வில்லியம்ஸ்போர்ட்ங்கற ஊரு, பெரிய பிளேயரும் இல்ல பணக்காரரும் இல்ல. 1938ல தன்னோட சொந்தக்காரப் பசங்க மாதிரி சின்னப் பசங்களுக்கு ஒழுங்கா ஒரு லீக் வேணும்னு தோணி, ஒரு பார்க்குல பழைய நியூஸ்பேப்பரை மடிச்சு பேஸ் மாதிரி, அதாவது ஆடறவங்க ஓடித் தொட வேண்டிய இடம் மாதிரி போட்டு, பசங்களை ஓட விட்டு விட்டு, எந்த தூரம் அவங்க காலுக்கு சரியா வருதுன்னு பார்த்தாரு. ஒரு பேஸ்ல இருந்து அடுத்த பேஸுக்கு பெரியவங்க ஆட்டத்துல 90 அடி, பசங்களுக்கு 60 அடின்னு ஆனது அப்படித்தான். அப்புறம் ஸ்பான்சர் கேட்டு ஐம்பதுக்கும் மேல கம்பெனி படி ஏறி இறங்கினதா சொல்றாங்க, கடைசியில ஒரு பால் கம்பெனி சரின்னுச்சு. 1939 ஜூன் 6ம் தேதி முதல் மேட்ச், மொத்தமே மூணு டீம், ஸ்கோர் 23க்கு 8. பேஸ்பாலுக்கு இது ரொம்பப் பெரிய ஸ்கோர், நம்பர் பார்த்தாலே தெரியும் பசங்க எப்படி பந்து போட்டிருப்பாங்கன்னு. இவர் பண்ணினதுல மைதான அளவை மாத்தினதுதான் எனக்கு ரொம்பப் பெருசா படுது, ஏன்னா பெரியவங்க ஆட்டத்தை அப்படியே பிள்ளைங்க தலைல கட்டாம, பிள்ளைங்களை உக்காந்து பார்த்து ஆட்டத்தை வளைச்சிருக்காரு. பக்கத்துல இருந்து பார்க்கற ஆளுக்குத்தான் அது தோணும்.

அதே லிட்டில் லீக்ல இன்னொரு கதை. 1972ல நியூஜெர்சியில ஹோபோகன்ங்கற ஊர்ல மரியா பெப்பேன்னு 12 வயசுப் பொண்ணு, நல்லா ஆடுவா, உள்ளூர் கோச் டீம்ல சேர்த்துக்கிட்டாரு. மூணு மேட்ச் ஆடினா. பொண்ணுங்க ஆடக்கூடாதுன்னு அப்ப ரூல், அவளை வெளிய அனுப்பலன்னா ஊர் லீக்கோட அங்கீகாரமே போயிடும்னு லிட்டில் லீக் தலைமை மிரட்ட, அவ வெளிய வந்தா. கேஸ் போட்டாங்க, 1973 கடைசியில பொண்ணுங்க பக்கம் தீர்ப்பு வந்துச்சு, 1974ல ரூலை மாத்தினாங்க. இதுல யாரு முன்னாடி போனாங்கன்னு பாருங்க. பெரிய ஆபீஸ் இல்ல, ஊர்ல பசங்களுக்கு பந்து எடுத்துப் போட்ட ஆளுதான். "ஆடத் தெரியுதா, வா"ன்னு சேர்த்துக்கிட்டாரு. எல்லா வாலண்டியரும் இப்படித்தான்னு சொல்ல வரல, "எங்க காலத்துல"ன்னே ஆரம்பிச்சு எதையும் மாற விடாம கிளப்பைப் பிடிச்சு வெச்சிருக்கறவங்களும் நிறைய, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப அந்த கோச்சிங் பங்குக்கு வருவோம். ஊர் டீம் கோச் நல்லவரா இல்லையான்னு எதை வெச்சு சொல்றது? எல்லாரும் ஜெயிச்சாங்களான்னு கேப்பாங்க. 1992ல வாஷிங்டன் யூனிவர்சிட்டி ஆளுங்க, ஸ்மித், ஸ்மோல்னு ரெண்டு பேரு இதுல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவங்க, அவங்க குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சின்னப் பசங்க பேஸ்பால்ல சில வாலண்டியர் கோச்சுக்கு மட்டும் சீசனுக்கு முன்னாடி ஒரே ஒரு பட்டறை, முழு நாள் கூட இல்ல. சொல்லிக்குடுத்தது ரொம்ப சிம்பிள், முயற்சி பண்ணினா வாய் விட்டுப் பாராட்டு, தப்பு பண்ணினா முதல்ல தைரியம் சொல்லு அப்புறம் எப்படி செய்யணும்னு காட்டு, கத்தாத, அவமானப்படுத்தாத. அடுத்த சீசன்ல பார்த்தா பயிற்சி வாங்காத கோச் கிட்ட இருந்த பசங்கள்ல 26 சதவீதம் பேரு திரும்ப வரவே இல்ல, பயிற்சி வாங்கினவங்க கிட்ட இருந்தவங்கள்ல நின்னு போனது 5 சதவீதம்தான். ரெண்டு பக்கத்து டீமும் ஜெயிச்சது தோத்தது ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால ஜெயிச்ச சந்தோஷத்துல திரும்பி வந்தாங்கன்னு சொல்ல வழி இல்ல. அதாவது ஸ்கோர் போர்டைப் பார்த்தா இந்த ரெண்டு வகை கோச்சுக்கும் வித்தியாசமே தெரியாது, அடுத்த வருஷம் ரெஜிஸ்டரைத் திறந்து யாரு திரும்பி வந்திருக்காங்கன்னு பார்த்தாத்தான் தெரியும். விருதுக் குறிப்புல கோப்பைக்குப் பதிலா அந்த ரெஜிஸ்டர் நம்பரைப் போட்டா எவ்ளோ நல்லா இருக்கும்.

ரொம்ப வருஷம் இதுலயே இருந்தவங்க கிட்ட இன்னொண்ணையும் பார்க்கலாம், பத்து வயசுல யாரையும் முடிவு பண்ண மாட்டாங்க. இது நல்ல மனசுன்னு மட்டும் நினைக்காதீங்க, அனுபவம் சொல்றது. 1980கள்ல கனடாவுல ஐஸ் ஹாக்கி பிளேயருங்க பிறந்த மாசத்தை எடுத்துப் பார்த்தாங்க, ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பிறந்தவங்க குவிஞ்சு கிடக்க, வருஷக் கடைசி மாசங்கள்ல பிறந்தவங்க ரொம்பக் கம்மி. காரணம் வேற ஒண்ணும் இல்ல, வயசு குரூப்போட கட்-ஆஃப் ஜனவரி 1, அதனால ஜனவரியில பிறந்த ஒன்பது வயசுப் பையன் டிசம்பர்ல பிறந்த ஒன்பது வயசுப் பையனை விட கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன், உயரம், பலம் எல்லாம் கூட, அதைப் பார்த்து திறமைன்னு நினைச்சு செலெக்ட் பண்ணிடறாங்க, செலெக்ட் ஆனவனுக்கு நல்ல கோச்சிங் நிறைய மேட்ச்னு கிடைச்சு உண்மையாவே நல்ல பிளேயர் ஆயிடறான். ரெண்டு சீசன் மட்டும் பார்க்கற பேரன்ட்டுக்கு இது கண்ணுல படாது. இருபது வருஷமா ஒரே கிரவுண்டுல நிக்கறவருக்கு, பத்து வயசுல பந்தைப் பார்த்தாலே ஒதுங்கினவன் பதினாறுல என்ன ஆனான்னு நேர்ல பார்த்த ஞாபகம் இருக்கும், அதனால அவர் கடைசி பெஞ்ச் பிள்ளையையும் உள்ள இறக்குவாரு.

சில அமைப்புங்க இதை ரூலாவே போட்டுட்டாங்க. 1964ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்ச ஏ.ஒய்.எஸ்.ஓ.ங்கற பசங்க ஃபுட்பால் அமைப்புல எந்தப் பிள்ளையா இருந்தாலும் குறைஞ்சது பாதி ஆட்டம் ஆட விடணும், டீம் பிரிக்கறப்பவும் பலமானவங்க எல்லாம் ஒரே பக்கம் சேராம பார்த்துக்கணும். நார்வே இன்னும் ஒரு படி மேல, 1987ல இருந்தே பிள்ளைங்க விளையாட்டுக்குன்னு தனி விதிமுறை, 2007ல அதைத் திருத்தி, 11 வயசு ஆகற வருஷம் வரைக்கும் ரிசல்ட் லிஸ்ட், பாயின்ட் டேபிள் கிடையாது, 13 ஆகற வருஷம் வரைக்கும் நேஷனல் சாம்பியன்ஷிப் கிடையாதுன்னு வெச்சிருக்காங்க. அங்க பசங்க கிளப்ல கோச் பெரும்பாலும் சம்பளம் வாங்காத பேரன்ட்ஸ்தான். இப்படி வெச்சா போட்டி மனசே வராதுன்னு சொல்றவங்களுக்கு, ஐம்பத்தஞ்சு லட்சம் பேர் இருக்கற அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 16 தங்கம் வாங்கிச்சு. ரெண்டுக்கும் நேர் தொடர்புன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், பனியும் பணமும் அங்க நிறைய. ஆனா கெட்டுப் போகலங்கறது நிச்சயம்.

ஊருக்கு என்ன லாபம்? "இளைஞர்கள் நல்வழிப்படுவார்கள்"னு மேடையில சொல்றது எனக்கு அவ்வளவா ஒட்டறதில்ல, விளையாட்டுல இருந்துட்டு கெட்டுப் போனவங்களும் எக்கச்சக்கம். நான் பார்க்கற லாபம் வேற. ஒரு ஏரியாவுல ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்க காரணமே இல்லாத குடும்பங்களை, வேலை, வசதி, சாதி, மதம்னு எல்லாத்துலயும் தனித்தனியா இருக்கறவங்களை, வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரே கோட்டுக்கு வெளிய நிக்க வைக்கற இடம் இது. அங்க நின்னு நின்னுதான் யாரு வீட்டுல வேலை போச்சு, யாருக்கு ஆஸ்பத்திரி செலவுன்னு தெரிய வருது. அந்தத் தகவல் எல்லாம் கடைசியில போய் சேர்ற இடம் நம்ம வாலண்டியர்தான், அதனால வெள்ளம், தீ விபத்துன்னு ஊருக்கு ஒண்ணு வந்தா முதல்ல ஆள் திரட்டறது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கிளப் போன் லிஸ்ட்ல இருந்துதான்.

இதை ஒரு நாடு அளவுக்கு பார்க்கணும்னா அயர்லாந்து. 1884ல டர்லஸ்ங்கற ஊர்ல ஒரு ஹோட்டல்ல சில பேர் கூடி ஆரம்பிச்ச கேலிக் அத்லெடிக் அசோசியேஷன், அந்த நாட்டோட பாரம்பரிய விளையாட்டுங்களை நடத்தற அமைப்பு, இன்னைக்கும் பிளேயருக்கு சம்பளம் கிடையாது. ஃபைனல் நடக்கற க்ரோக் பார்க்ல எண்பதாயிரத்துக்கு மேல கூட்டம் உக்காரும், உள்ள ஆடறவர் திங்கக்கிழமை ஸ்கூல்ல பாடம் எடுக்கப் போவாரு இல்ல பேங்க்ல உக்காருவாரு. கிளப்புங்க பெரும்பாலும் சர்ச் வட்டார எல்லையை ஒட்டித்தான், எந்த ஊரோ அந்த கிளப், நல்லா ஆடறான்னு வேற ஊர்க்காரன் காசு குடுத்துத் தூக்கிட்டுப் போக முடியாது. இதோட விளைவு, எட்டு வயசுல யாரு கோச்சிங் குடுத்தாங்களோ அதே கிரவுண்டுக்கு அந்தப் பையன் முப்பத்தஞ்சுல எட்டு வயசுப் பசங்களுக்கு சொல்லிக்குடுக்க வந்து நிப்பான். வாலண்டியர் பஞ்சம்னு மத்த இடத்துல பேசறதுக்கு இங்க ஒரு பதில் இருக்கு. பிளேயரை மேல தூக்கி வெளிய அனுப்பறதே குறியா வெச்ச கிளப்புக்கு திரும்பி வர்ற ஆள் கிடைக்கறது கஷ்டம். எங்கயோ போய் பெரிய ஆளா ஆயிடுன்னு பத்து வருஷம் சொல்லி வளர்த்துட்டு, ஏன் யாரும் ஊருக்கு வந்து உதவலன்னு அப்புறம் கேக்கறதுல அர்த்தம் இல்லையே.

கணக்குன்னு வந்தா இவங்க யாரும் கணக்குலயே வர மாட்டாங்க. நாட்டோட ஜிடிபியில சம்பளம் இல்லாத இந்த மாதிரி சேவைக்கு மதிப்பு போடறதில்ல. 2011ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு வாலண்டியர் வேலையை எப்படி அளக்கறதுன்னு ஒரு கையேடு போட்டுச்சு, 2013ல தொழிலாளர் புள்ளிவிவர நிபுணர்களோட 19வது சர்வதேச மாநாடு சம்பளம் வாங்காத வாலண்டியர் வேலையும் வேலைதான்னு வரையறைல சேர்த்தாங்க. சரி, ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ போடறது? ரெண்டு வழி இருக்கு. இந்த வேலைக்கு ஆள் வெச்சா எவ்ளோ சம்பளம் குடுக்கணும்னு பார்க்கறது ஒண்ணு, அந்த நேரத்துல அந்த ஆள் தன் சொந்தத் தொழில்ல எவ்ளோ சம்பாதிச்சிருப்பாருன்னு பார்க்கறது இன்னொண்ணு. ரெண்டாவது வழியில போனா ஒரு டாக்டர் சுண்ணாம்புக் கோடு போட்டா அந்தக் கோடு விலை ஜாஸ்தி, வெல்டர் போட்டா கம்மி, ரெண்டு கோடும் ஒரே மாதிரி வெள்ளையாத்தான் இருக்கு. அதனால முதல் வழிதான் கொஞ்சம் நியாயம். ஆனா முதல் வழியிலயும் சிக்கல், ஏன்னா இவர் செய்யறது ஒரு வேலை இல்ல, கோச், கிளார்க், டிரைவர், வாட்ச்மேன், பஞ்சாயத்து பண்றவர்னு அஞ்சாறு வேலை, அதுவும் பத்து பத்து நிமிஷமா. அப்படி ஒரு போஸ்ட்டுக்கு விளம்பரம் குடுத்தா யாரும் அப்ளை பண்ண மாட்டாங்க.

ஜெர்மனி வேற வழியில போச்சு. அங்க சுமார் 86,000 ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கு, பெரும்பாலும் வாலண்டியர்களை நம்பித்தான் ஓடுது, பகுதி நேரமா கோச்சிங் குடுக்கறவங்களுக்கு கிளப் ஏதாவது சின்னத் தொகை குடுத்தா வருஷத்துக்கு ஒரு அளவு வரைக்கும் வரி கிடையாது, 2021ல அந்த அளவை 2,400 யூரோல இருந்து 3,000 ஆக்கினாங்க. பணத்தை விட முக்கியம், நீ செய்யறது சட்டத்துக்குத் தெரியும்னு சொல்ற மாதிரி அது. அமெரிக்காவுல 1997ல ஒரு சட்டம், லாப நோக்கம் இல்லாத அமைப்புல வாலண்டியரா இருக்கறவர் சாதாரண கவனக்குறைவால ஏதாவது ஆச்சுன்னா தனிப்பட்ட முறையில நஷ்ட ஈடு கட்ட வேண்டியதில்லன்னு பாதுகாப்பு குடுத்துச்சு, வேணும்னே பண்ணினா, ரொம்ப அலட்சியமா இருந்தா கிடையாது. இந்த மாதிரி சின்னச் சின்ன சட்டம்தான் ஒருத்தரை நாப்பது வருஷம் நிக்க வைக்குது. ஒலிம்பிக்ஸ் வாலண்டியர் பத்தி நிறைய எழுதறாங்க, 2012 லண்டன்ல 70,000 பேரு, நல்ல விஷயம்தான், ஆனா அது சில வாரம், யூனிஃபார்ம், கேமரா, வாழ்நாள் ஞாபகம். ஊர் கிரவுண்டுல மழைக்காலத்துல ஒரு செவ்வாக்கிழமை சாயங்காலத்துக்கு யாரு வருவாங்கங்கறதுதான் கஷ்டமான கேள்வி. 2026ஐ ஐ.நா. சர்வதேச வாலண்டியர் வருஷமா அறிவிச்சிருக்கு, அதுல இந்த செவ்வாக்கிழமை ஆளுங்களைப் பத்தியும் யாராவது பேசினா சரி.

இனி பேச விரும்பாத பக்கம். "அவரா? முப்பது வருஷமா தெரியும், தங்கமான மனுஷன்"ங்கற அந்த நம்பிக்கை இருக்கே, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சு பிள்ளைங்களை நாசம் பண்ணினவங்களும் இதே கிரவுண்டுல இருந்திருக்காங்க. 2016 நவம்பர்ல இங்கிலாந்துல முன்னாள் ஃபுட்பால் பிளேயர்கள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வெளிய வந்து, சின்ன வயசுல கோச்சால தங்களுக்கு நடந்த பாலியல் கொடுமையை சொன்னப்ப நாடே அதிர்ந்து போச்சு. 2021 மார்ச்ல வந்த விசாரணை அறிக்கை, 1995 அக்டோபர்ல இருந்து 2000 மே வரைக்கும் பிள்ளைங்க பாதுகாப்புக்கு ஃபுட்பால் அசோசியேஷன் செய்ய வேண்டியதை செய்யலன்னு வெளிப்படையா சொல்லிச்சு. அமெரிக்காவுல ஜிம்னாஸ்டிக்ஸ்லயும் இதே மாதிரி பாலியல் கொடுமை வெளிய வந்ததுக்கு அப்புறம் 2018ல சட்டம் வந்துச்சு, தேசிய விளையாட்டு அமைப்புகளுக்குக் கீழ பிள்ளைங்களோட பழகற பெரியவங்க சந்தேகம்னு ஒண்ணு தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள சொல்லியே ஆகணும்.

இதனால இப்ப பல இடத்துல பின்னணி சரிபார்ப்பு, பிள்ளையோட தனியா ஒரு ரூம்ல இருக்கக்கூடாது, தனியா கார்ல கூட்டிட்டுப் போகக்கூடாது, மெசேஜ் பண்ணினா பேரன்ட்டையும் சேர்த்துதான் பண்ணணும்னு ரூல். பழைய ஆளுங்க சில பேருக்கு இது கோவம், இத்தனை வருஷம் உழைச்ச என்னை சந்தேகப்படறீங்களான்னு. அந்த வலி புரியுது, ஆனா ஆளைப் பார்த்து தளர்த்தற ரூல் ரூலே இல்ல, ஏன்னா ஏமாத்தறவன் முதல்ல சம்பாதிக்கறதே நல்ல பேரைத்தான். நல்ல வாலண்டியர் இந்த ரூலை தானே முன்னாடி நின்னு கடைப்பிடிச்சாருன்னா கிளப்ல வேற யாரும் விலக்கு கேக்க முடியாது. அதை அவர் செய்யற பெரிய உதவிகள்ல ஒண்ணா நான் எண்ணுவேன்.

ஆபத்து அவருக்கும் உண்டு. 2012 டிசம்பர்ல நெதர்லாந்துல அல்மேரேங்கற ஊர்ல பசங்க ஃபுட்பால் மேட்ச், தன் பையனோட கிளப்புக்காக கொடி பிடிச்சு லைன்ஸ்மேனா நின்ன ஒரு அப்பாவை, மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம் பசங்க அடிச்சு, மறுநாள் அவர் இறந்துட்டாரு. அடுத்த வாரக் கடைசியில அந்த நாட்டுல அமெச்சூர் மேட்ச் அத்தனையும் நிறுத்தினாங்க. இது உச்சகட்டம், தினம் நடக்கறது திட்டு. சின்னப் பசங்க மேட்ச்ல விசில் ஊதற பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளையைப் பார்த்து பெரியவங்க பேசற பேச்சு கேட்டா காது கூசும், அதனால ரெஃபரி கோர்ஸ் முடிச்ச பிள்ளைங்க ரெண்டு சீசன்ல விட்டுட்டு ஓடறாங்க. 2023ல இங்கிலாந்துல ஊர் லெவல் ரெஃபரிக்கு உடம்புல கேமரா மாட்டி பரிசோதனை பண்ணிப் பார்க்கற நிலைமைக்கு வந்துச்சு. கேமரா இல்லாத கிரவுண்டுல அந்தக் கத்தற அப்பா பக்கத்துல போய், தோள்ல கை போட்டு, "சார் கொஞ்சம் இப்படி வாங்க"ன்னு தள்ளிக் கூட்டிட்டுப் போறது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப, அப்புறம் வர்றேன்னு முன்னாடி தள்ளி வெச்ச விஷயம், கிளப்பைத் தன் கையிலயே பிடிச்சு வெச்சிருக்கறது. ஒரே ஆள் நாப்பது வருஷம் எல்லாம் பார்த்துக்கிட்டாருன்னா அது அவருக்குப் பெருமை, கிளப்புக்கு அது ஒரு கோளாறும் கூட. சாவி அவர் கிட்ட, பேங்க் கையெழுத்து அவர், பாஸ்வேர்டு அவர் பழைய டைரியில, ஆபீசர் கிட்ட பேசினா நடக்கறது அவர் முகத்துக்கு. அவர் ஒரு மாசம் படுத்துட்டா கிளப் நிக்குது. அதை விட மோசம், வேற யாரும் கை வைக்க வர மாட்டாங்க, அவர் வேகத்துக்கு நம்மால முடியாதுன்னு ஒதுங்கிடுவாங்க, ஒதுங்கறதைப் பார்த்து அவரும் "யாரும் வர்றதில்ல, நானே பார்த்துக்கறேன்"னு இன்னும் இழுத்துப் போட்டுக்குவாரு. ரெண்டு பக்கமும் நல்ல எண்ணம்தான், முடிவு மட்டும் நல்லா இருக்காது.

இதுக்கு நேர் எதிரா கட்டினதுதான் பார்க்ரன்ங்கற வாராந்திர ஓட்டம். 2004 அக்டோபர் 2ம் தேதி லண்டன் புஷி பார்க்ல பால் சின்டன்-ஹெவிட்ங்கறவர் ஆரம்பிச்சப்ப ஓடினது 13 பேரு. இன்னைக்கு பல நாட்டுல சனிக்கிழமை காலைல 5 கிலோமீட்டர், 4ல இருந்து 14 வயசு பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை 2 கிலோமீட்டர், எல்லாம் இலவசம். சூட்சுமம் எங்கன்னா வேலையைத் துண்டு துண்டா வெட்டினது. ஒருத்தர் ஸ்டாப்வாட்ச், ஒருத்தர் பார்கோடு ஸ்கேன், ஒருத்தர் வளைவுல நின்னு வழி காட்டறது, ஒருத்தர் கடைசியா வர்றவங்க கூட நடக்கறது, எந்த வேலையும் பத்து நிமிஷத்துல கத்துக்கலாம், ஒரு தடவை செஞ்சுட்டு ஆறு மாசம் வராம இருந்தாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா இதை அப்படியே பசங்க டீமுக்கு கொண்டு வர முடியாது. ஓட்டத்துக்கு கையில கடிகாரம் யாரு பிடிச்சாலும் ஒண்ணுதான், அம்மா அப்பா பிரிஞ்சு போன வாரத்துல பயிற்சிக்கு வந்து பேசாம நிக்கற பிள்ளைக்கு தெரிஞ்ச முகம் வேணும். ஆக பிரிக்கக் கூடிய வேலையைப் பிரிச்சுட்டு, பிரிக்க முடியாததுக்கு மட்டும் அந்த ஆளோட நேரத்தை விட்டு வைக்கணும். இப்ப பெரும்பாலான கிளப்ல நடக்கறது தலைகீழ், பிள்ளைங்களோட பேசத் தெரிஞ்ச ஆள் ரசீது எழுதிட்டு இருப்பாரு.

விலகறதும் லேசு இல்ல. லிட்டில் லீக் வளர்ந்து பெரிய ரப்பர் கம்பெனி ஸ்பான்சர் பண்ண வந்து, டோர்னமென்ட் பெருசாகி, சம்பளம் வாங்கற நிர்வாகம்னு ஆனப்ப, இது பசங்க கையை விட்டுப் போகுதுன்னு ஸ்டாட்ஸுக்குப் பட்டுச்சு. 1955ல கோர்ட் வரைக்கும் போச்சு, அடுத்த வருஷமே தான் ஆரம்பிச்ச அமைப்பை விட்டு வெளிய வந்துட்டாரு. வந்தவர் சும்மா உக்காரல, அதே ஊர்ல தேசிய அமைப்போட சேராம பழைய முறையில ஒரு லீக் ஓடிட்டு இருந்துச்சு, அதுக்குப் பக்கபலமா நின்னாரு. அவர் சொன்னது சரியா கம்பெனி சொன்னது சரியான்னு இப்பவும் வாதம் பண்ணலாம், அந்தப் பணம் இல்லன்னா லிட்டில் லீக் அத்தனை நாட்டுக்குப் போயிருக்காதுங்கறதும் உண்மை. எனக்குப் படறது, எப்படிக் கை மாத்தறதுன்னு யாரும் முன்னாடியே உக்காந்து பேசலங்கறதுதான்.

அதனால உங்க ஏரியாவுல இப்படி ஒருத்தர் இருந்தா விருதுக்கு மனு போடறதுக்கு முன்னாடி சில வேலை இருக்கு. பேங்க் கணக்குல ரெண்டாவது கையெழுத்துக்கு ஒரு ஆளை சேர்க்கச் சொல்லுங்க. சாவிக்கு டூப்ளிகேட் போடுங்க. ஒரு சீசன் முழுக்க முப்பது வயசுக்குள்ள ரெண்டு பேரை அவர் கூடவே போக விடுங்க, கிரவுண்டு அனுமதி வாங்கற ஆபீசுக்கும் சேர்த்துதான், அங்க யாரு பேர் சொன்னா ஃபைல் நகருங்கறது எழுதி வாங்க முடியாத விஷயம். அவர் சொல்றதை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, எந்த வருஷம் என்ன தகராறு, எப்படி தீர்ந்துச்சு, எந்த டோர்னமென்ட்டுக்கு இனிமே போகவே கூடாது. ரசீது, ரெஜிஸ்ட்ரேஷன், மெசேஜ் போடற வேலை மூணையும் மூணு பேரன்ட் கிட்ட பிரிச்சுக் குடுங்க, முதல் ரெண்டு மாசம் தப்பும் தவறுமா நடக்கும், அவர் குறுக்க வந்து நானே பண்ணிடறேன்னு வாங்கிக்கப் பார்ப்பாரு, குடுக்காதீங்க. அவர் கிட்ட விடவே கூடாத வேலை ஒண்ணு இருக்கு, போன வருஷம் வந்து இந்த வருஷம் வராம போன பிள்ளைங்க பேரை எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு ஏன்னு கேக்கறது. அதை அவரே பண்ணட்டும், அவர் கூப்பிட்டாத்தான் போனை எடுப்பாங்க.